மாடு வளர்க்கிறோம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க

பிப்ரவரி 11
காங்கேயம் பக்கம் ஒரு தொழுவம். ஏழு மாதச் சினையில் மாடு கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழாமல் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அக்கா வெறுங்கையாலேயே செத்த கன்றை அப்புறப்படுத்தி, தரையையும் கழுவி முடித்திருந்தார். கொடி விழுந்ததும் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டப்போவதாகச் சொன்னார். நம்மூர் வழக்கம்தான். ஆனால் கன்று வீசிய மாட்டின் கொடியை நாயோ காக்கையோ இழுத்தால் ஊரெல்லாம் கிருமி. ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கச் சொன்னேன். மாட்டு ரத்தம் எடுத்து அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 18
புருசெல்லா. மாட்டைக் கன்று வீச வைக்கும், மனுசருக்குத் தொற்றினால் காய்ச்சல் தரும் கிருமி. மாட்டுக்கு இதில் பலன் தரும் வைத்தியம் இல்லை. அடுத்த ஈற்றில் நல்ல கன்றே போடலாம். பாலில் கிருமி வருவது நிற்காது. பார்க்கத் திடமாக இருக்கும் மாட்டை யார் சந்தேகப்படுவார்கள்? டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் மால்டா தீவில் 1887-லேயே இந்தக் காய்ச்சலின் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். அது ஆட்டுப்பாலில் வருகிறது என்று அந்தத் தீவின் மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் ஸாமிட் கண்டறிந்தது 1905-ல்தான். அந்த ஆடுகளும் நோயே இல்லாததுபோலத்தான் தெரிந்தன.
அக்காவின் மாமனார் கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிப்பவர். பொங்கக் காய்ச்சிய பால் மட்டும்தான் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

மார்ச் 9
அக்காவுக்குக் காய்ச்சல். சாயங்காலம் ஏறுகிறது, ராத்திரி சேலை நனைய வியர்க்கிறது, விடிந்தால் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறார். ஒரு மருத்துவமனையில் டைஃபாய்டு என்று ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.
"மாடு கன்னு வீசுனதச் சொன்னீங்களாக்கா?"
"அத எதுக்குங்க மனுச டாக்டருகிட்ட?"
அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் புருசெல்லா டெஸ்ட் எழுதுவார்கள். ஒரு சீட்டில் மாட்டின் ரிசல்ட்டை எழுதி, லேப்காரர்களுக்கும் தெரிவிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும்போது அவர்களுக்கே தொற்றக்கூடியது இது.

மார்ச் 13
உறுதியாகிவிட்டது. டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம். மாமனாருக்குத் தொற்று இல்லை.

ஏப்ரல் 2
தடுப்பூசி முகாம். நாலு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு ஆயுளுக்கு ஒரே ஊசி. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். உயிருள்ள கிருமித் தடுப்பூசி என்பதால் நம் கையில் குத்திக்கொண்டால் நமக்கே நோய் வரும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நான் தொடுவதில்லை. காளைக் கன்றுகளையும் ஓட்டி வந்தவர்களுக்கு விளக்கியே பாதி நேரம் போனது.
அக்காவும் கிடாரியோடு வந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, இடுப்பு வலி மிச்சம். மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். கூடாது, நிறுத்தினால் திரும்ப வரும், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றேன். அவர்களின் இன்னொரு மாடு இப்போது ஐந்து மாதச் சினை. முழங்கை வரை வரும் கையுறைகள் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.