மலை அட்டையும் கடல் அட்டையும்

போன மழைக்காலத்தில் அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. ஏற்காட்டில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்து ஸ்கேன் எடுத்தால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். அது பன்றிக் குடலின் உட்சவ்வில் இருந்து எடுப்பது என்று அப்புறம்தான் படித்தேன். 2008-ல் மலிவான வேறொரு பொருளைக் கலப்படம் செய்த ஹெப்பாரினால் அமெரிக்காவில் உயிர்கள் போயின. அப்போதிருந்து வேறு எதிலாவது இது கிடைக்குமா என்ற தேடல் இன்னும் வேகமெடுத்திருக்கிறது.

அந்தத் தேடல் போய் நிற்கும் இடங்களில் ஒன்று கடல் அட்டை!

அப்பா காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மழை நாளில் அட்டை கடித்தால் பிய்த்துப் போட்ட பிறகும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், சுண்ணாம்பு தடவுவார். அட்டையின் எச்சில்தான் ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது. மருத்துவ அட்டையில் இப்படி ஒரு பொருள் இருப்பதை ஹேக்ராஃப்ட் என்ற விஞ்ஞானி 1884-லேயே கண்டுபிடித்துவிட்டார், பின்னாளில் அதற்கு ஹிருடின் என்று பெயர். கடல் அட்டைக்கும் இந்த அட்டைக்கும் உறவே கிடையாது, அது நட்சத்திர மீனின் சொந்தம். பெயர் மட்டும்தான் ஒன்று. அதன் உடல் சுவரில் இருக்கும் காண்ட்ராய்ட்டின் சல்பேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை கிளை கிளையாக ஒட்டியிருக்கிறது, அந்தக் கிளைகளை வெட்டிவிட்டால் ரத்தம் உறையாமல் தடுக்கும் சக்தியும் போய்விடுகிறது என்பதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஹெப்பாரின் நம் ரத்தத்தில் இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தை நம்பித்தான் வேலை செய்யும், கடல் அட்டைப் பொருளுக்கு அந்தத் துணை அவ்வளவாகத் தேவையில்லை. ஆனால் அப்படியே ஏற்றினால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். அதனால்தான் சிறு துண்டுகளாக உடைத்துப் பார்க்கிறார்கள்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. அப்பா இப்போது வார்ஃபரின் மாத்திரையில் இருக்கிறார், கீரை அதன் வேலையைக் குறைத்துவிடும் என்பதால் அதைக்கூட அளவு பார்த்துத்தான் போடுகிறோம். சொந்தக்காரர் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய கடல் அட்டை கேப்சூலைக் கொண்டுவந்து, "இயற்கைதானே மாமா, சாப்பிடுங்க" என்று நீட்டினார். எனக்குப் பகீரென்றது. ஏற்கெனவே உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, எவ்வளவு வீரியம் என்றே தெரியாத இன்னொன்றா? மூளையில் கசிந்தால் யார் பொறுப்பு? தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் யாரும் கொடுக்காதீர்கள். இந்தியாவில் கடல் அட்டை பிடிப்பதற்கே 2001-ல் இருந்து தடை இருக்கிறது.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்பா மட்டும், "கடல்லயும் அட்டை இருக்கா? அதுவும் கடிக்குமா?" என்று கேட்டார். கடிக்காதுப்பா, மண்ணைத் தின்றுகொண்டு சும்மா கிடக்கும் என்றேன்.