எல்லாம் மாற்றியாயிற்று என்றார்கள், மெயிலைக் காணோம்

புதுக் கணினி வாங்கும் கடையில் பழைய டேட்டா முழுவதையும் தாங்களே மாற்றித் தருவதாகச் சொன்னால், மெயில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதிலுக்குப் பதில் சிரிப்பு வந்தால் பழைய கணினியைக் கையிலிருந்து விடாதீர்கள்.

கரூரில் நான் வேலை பார்ப்பது திரைச்சீலை ஏற்றுமதி அலுவலகம். பையரோடு, அதாவது சரக்கு வாங்குபவரோடு விலை பேசுவது, லேப் டிப்புக்கு (சாயமேற்றிய மாதிரித் துணிக்கு) ஒப்புதல் வாங்குவது, ஷிப்மென்ட் தேதியைத் தள்ளுவது எல்லாமே மெயிலில்தான். வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. எங்கள் பழைய பிராசசரில் வின்டோஸ் 11 ஏறாது. பழையதைக் கடையில் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் புதிது வாங்கினோம். மெயில் பார்க்கும் மென்பொருளான தண்டர்பேர்டில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஜிமெயில் ஐமேப்பில் ஓடுவது, மெயில் சர்வரிலேயே இருக்கும், அதைப் பற்றிக் கவலை இல்லை. கம்பெனி டொமைன் கணக்கு பாப்பில், அதாவது மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறையில் ஓடுவது. அதில் மெயில் இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும்படி எந்தக் காலத்திலோ அமைத்திருந்தார்கள். ஆக, பல வருடக் கடிதப் போக்குவரத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே பிரதி அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கில்தான்.

கடைப் பையன் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டி டிரைவ் ஆகியவற்றை மட்டும் எடுத்திருக்கிறான். தண்டர்பேர்ட் தன் சரக்கை அங்கெல்லாம் வைப்பதில்லை. சி டிரைவில் யூசர் பெயருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட் என்று போக வேண்டும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் தேடாதவன் கண்ணில் படாது. அவன் பாட்டுக்குத் தண்டர்பேர்டைப் புதிதாக நிறுவி, இரண்டு கணக்குகளையும் சேர்த்து, அன்றைக்கு வந்த மெயில்களைக் காட்டி வேலை முடிந்தது என்றான். பழையவை எங்கே என்று கேட்டேன்.

"சர்வரிலிருந்து மெதுவாக இறங்கும் சார். உங்கள் நெட் வேகத்தைப் பொறுத்தது."

காலியான சர்வரிலிருந்து எது இறங்கும்? அதைவிட வயிற்றைக் கலக்கியது, எங்கள் பழைய கணினி ஃபார்மேட்டுக்கான வரிசையில் இருக்கிறது என்று அடுத்து அவன் சொன்னது. அதற்குப் பிறகு கடையில் நான் பேசிய தொனியை எழுத வேண்டாம். கணினி முழுசாகத் திரும்பி வந்தது.

பழைய கணினியில் ஹெல்ப் மெனுவுக்குள் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தால், மெயிலும் செட்டிங்கும் இருக்கும் பிரொஃபைல் ஃபோல்டருக்கு நேராகப் போக ஒரு பட்டன் இருக்கிறது. ஆப்டேட்டாவைத் துழாவ வேண்டியதில்லை. டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட்டும் உண்டு, ஆனால் 2 ஜிபிக்கு மேல் போனால் அது கைவிரித்துவிடும். எனவே தண்டர்பேர்டை மூடிவிட்டு, ரோமிங்கில் இருக்கும் தண்டர்பேர்ட் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டேன். பாதியில் நின்றது. இன்பாக்ஸ் என்று, பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்த வாலில்லாமல் ஒரு ஃபைல் இருக்கும். அந்த ஃபோல்டரின் மெயில் மொத்தமும் அந்த ஒரே ஃபைலுக்குள்தான். எங்களுடையது 6 ஜிபியைத் தாண்டியிருந்தது. பென் டிரைவோ ஃபேட்32 ஃபார்மேட், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் நுழையாது, டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்ததும் போயிற்று. காப்பி செய்வதற்கு முன் ஃபோல்டர்களை ஒருமுறை காம்பாக்ட் செய்துவிடுங்கள். அழித்த மெயில்கள் அதுவரை ஃபைலுக்குள்ளேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

புதுக் கணினியில் கடைக்காரர் உருவாக்கிய ஃபோல்டரைப் பெயர் மாற்றி ஓரமாக வைத்தேன். அழிக்கவில்லை, காரணம் பின்னால் வருகிறது. பழையதை அந்த இடத்தில் ஒட்டித் திறந்தால், ஒன்றுமே தெரியாததுபோல் ‘புதுக் கணக்கு சேர்க்கவும்’ என்கிறது! மெயில் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். விஷயம் அதுவல்ல. 68-ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்ட், தான் நிறுவப்பட்ட இடத்துக்கு ஒரு பிரொஃபைல் என்று வைத்துக்கொள்கிறது. பழையது 32 பிட், புதியது 64 பிட். இரண்டும் வேறு வேறு புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் உட்காருகின்றன. இடம் மாறியதால் தானாகவே ஒரு வெற்றுப் பிரொஃபைலைத் தொடங்கிவிட்டது. தண்டர்பேர்டை மூடி, ரன் பெட்டியில் தண்டர்பேர்ட்.எக்ஸ்இ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஹைஃபனும் பெரிய பி எழுத்தும் சேர்த்தால் பிரொஃபைல் பட்டியல் வரும். பழையதைத் தேர்ந்தெடுத்தேன். இடப்பக்கம் பையர் பெயர்களில் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஃபில்டர்கள், முகவரிகள், டொமைன் கணக்கின் பாஸ்வேர்டு எல்லாம் கூடவே வந்துவிட்டன. பாஸ்வேர்டு மட்டும் தனியாக வேண்டுவோர் லாகின்ஸ்.ஜேசன், கீ4.டிபி இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது உதவாது. ஜிமெயில் மறுபடி லாகின் கேட்டது, கொடுத்தேன்.

ஒன்று மீதி இருந்தது. கடைப் பையன் அமைத்த கணக்கும் பாப்தான். ‘மெசேஜ்களை சர்வரிலேயே விட்டுவை’ என்ற டிக்கை யாரைக் கேட்டோ எடுத்திருக்கிறான். அதனால் இடையில் வந்த மெயில்கள் அந்த ஓரங்கட்டிய ஃபோல்டருக்குள் போய்ச் சேர்ந்திருந்தன. அவற்றில் ஒரு எல்சி (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) திருத்தமும் இருந்தது. அதிலிருந்த இன்பாக்ஸ் ஃபைலுக்கு ‘கடை மெயில்’ என்று பெயர் வைத்து, தண்டர்பேர்ட் மூடியிருக்கும்போது எங்கள் பிரொஃபைலின் மெயில் ஃபோல்டருக்குள் இருக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸில் போட்டேன். திறந்ததும் அதே பெயரில் ஒரு ஃபோல்டராக முளைத்தது. அன்றைக்கு நான் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

கையெழுத்துப் பகுதி மட்டும் வரவில்லை. டி டிரைவில் இருந்த ஒரு எச்டிஎம்எல் ஃபைலை அது காட்டிக்கொண்டிருந்தது. புதுக் கணினியில் டி டிரைவே கிடையாது. செட்டிங்கில் பாதையை மாற்றியதும் சரியாயிற்று.

பழைய டிஸ்க்கை விடுவதற்கு முன் ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருப்பதிலேயே பழைய மெயிலைத் திறந்து, ஓர் அட்டாச்மென்டையும் திறந்து பாருங்கள். தலைப்பு தெரிவதை மட்டும் நம்பக்கூடாது, அது இன்டெக்ஸிலிருந்தும் வரும்.

நாங்கள் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு மீதிக் கணினியைத்தான் எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரர்கள் அதற்கும் விலையைக் குறைத்தார்கள். பைசா பேரம் பேசும் எங்கள் முதலாளி மறுபேச்சில்லாமல் சரி என்றார். அந்த வாரம்தான் ஒரு பையர் பழைய ரேட்டை மறுத்துப் பேச, அவரே ஒப்புக்கொண்டு எழுதிய மெயிலை எடுத்து அனுப்பியிருந்தோம்.