திருப்பைஞ்ஞீலிக்குப் போன தார்

வழியிலேயே தார் பழுத்துவிடுமோ என்பதுதான் அன்று காலை எங்களுக்குப் பெரிய கவலை. சாமிக்கு நேர்ந்துவிட்ட பூவன் தார். முதல் சீப்பில் இரண்டு பழம் மஞ்சள் தட்டியிருந்தது. "ஒண்ணு பழுத்தா ஊரையே கூட்டிக்கிட்டுப் பழுக்கும்" என்று அத்தை அந்த இரண்டையும் கிள்ளி எடுத்து, காரில் ஏறுவதற்குள் சாப்பிட்டும் முடித்துவிட்டார். சாமிக்கு நேர்ந்ததை இப்படித் தின்னலாமா என்று என் கணவர் கேட்டார். "தாருதான் சாமிக்கு. இது தாரைக் காப்பாத்துறதுக்கு" என்றார்.

என் மகள் பின்சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாயி சொல்வதில் ஒரு பிழையும் இல்லையாம். பழுக்கிற காயிலிருந்து எத்திலீன் என்று ஒரு வாயு வருகிறது, அது பட்டால் பக்கத்துக் காயும் பழுக்கத் தொடங்கும், அதுவும் அதே வாயுவை விடும். நாம் தாரைக் குழியில் வைத்துப் புகை போடுகிறோமே, அந்தப் புகையிலும் இருப்பது இதுதான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் தெருவிளக்குக்கு எரிவாயுக் குழாய் போட்டிருந்தார்களாம். குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் பருவம் வருவதற்கு முன்பே இலை உதிர்த்தன. அதற்குக் காரணம் எத்திலீன் என்று 1901-இல் ரஷ்யாவில் நெல்யுபோவ் என்பவர் கண்டுபிடித்தாராம், அதுவும் பட்டாணி நாற்றை வைத்து.

இவள் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. இலைக்கு எப்படி வயதாகிறது என்பதுதான் ஆராய்ச்சி. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "பழுத்தா உதிரும். இதைக் கண்டுபிடிக்க அஞ்சு வருஷமா?" என்று ஒரு சித்தப்பா கல்யாண வீட்டில் வைத்தே கேட்டுவிட்டார். படிப்பு முடியட்டும், முடியட்டும் என்று அவளுக்கு 31 வயதாகிவிட்டது. வந்த ஜாதகங்களும் ஒன்றில்லாவிட்டால் ஒன்றால் தட்டிப்போயின. இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தைதான் பிடிவாதமாகத் திருப்பைஞ்ஞீலிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பரிகாரம் செய்ய வைத்தார். கூடிவந்தால் நம் தோட்டத்துத் தாரோடு வருகிறேன் என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டார். இப்போது நிச்சயம் முடிந்துவிட்டது. தை மாதம் கல்யாணம். முடிந்தபிறகு மாப்பிள்ளையோடு ஒன்றாகப் போகலாமே என்றதற்கு, "அவங்க அப்புறம் போகட்டும். இது என் வேண்டுதல், எனக்கு 81 ஆச்சு" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

தொட்டியத்திலிருந்து முசிறி, குணசீலம், நொச்சியம், மண்ணச்சநல்லூர் வழியாகப் போனோம். அத்தைக்கு வழியெல்லாம் வாழைதான் கண்ணில் படும். இது ரஸ்தாளி, அது கற்பூரவல்லி, இந்தத் தோட்டத்தில் முட்டுக் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள், அடுத்த காற்றுக்குச் சாய்ந்துவிடும் என்று வாய் ஓயவில்லை.

கோயில் பக்கத்தில் காரை நிறுத்தியதுதான் தாமதம், நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "பரிகாரமா? நேரா உள்ளே கூட்டிட்டுப் போறேன், 500 கொடுங்க" என்று ஒருவர். பரிகாரம் இல்லை, வேண்டுதல் நிறைவேறி வந்திருக்கிறோம் என்றால், "அதுக்கும் ஒரு பூஜை இருக்கும்மா" என்கிறார்! இரண்டு வருடத்துக்கு முன் நான் விவரம் தெரியாமல் இப்படி ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லாரும் நிற்கிற அதே வரிசையில்தான் நின்றேன். மாலைக்காரர்கள் விலையும் ஆளைப் பார்த்து மாறுகிறது. முகூர்த்த மாதம் நெருங்குவதால் ஞாயிறு கூட்டம் சொல்லி மாளாது. ஒவ்வொரு குடும்பத்தோடும் ஒரு பெண்ணோ பையனோ, ஒவ்வொரு முகத்திலும் அன்றைக்கு எங்களுக்கு இருந்த அதே வாட்டம். தார் வேறு. தோளில் தாரோடு என் கணவர் அந்த மொட்டைக் கோபுரத்துக்குக் கீழே நின்றதை மகள் படம் பிடித்துவிட்டாள்.

ராவணன் திருவாயிலில் ஒன்பது படி இறங்க வேண்டும். அத்தையின் முழங்காலுக்கு அது ஒன்பது மலை. ஒவ்வொரு படிக்கும் ஒரு கிரகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே இறங்கினார். சனிக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார்.

ஞீலிவனநாதரைப் பார்த்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. போன தடவை அழுதுகொண்டு நின்ற இடத்தில் இந்தத் தடவை சும்மா நின்றேன், அவ்வளவுதான். அப்பருக்கே பசி பார்த்துச் சோறு கொண்டுவந்தவர், எங்கள் வீட்டுப் பசி தெரியாதா அவருக்கு? இரண்டு விசாலாட்சி சந்நிதியிலும் மகளின் பெயரோடு மாப்பிள்ளையின் பெயரையும் சேர்த்து அர்ச்சனைக்குச் சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை. என் கணவர்தான் சொன்னார்.

அப்புறம் கல்வாழை. அங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. கும்பிட்டு முடித்த அத்தையின் கை, தன்னை அறியாமல், மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த காய்ந்த சருகை உரிக்கப் போய்விட்டது. அறுபது வருடப் பழக்கம்! வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "அம்மா, தலவிருட்சத்தில் கை வைக்காதீங்க!" என்று சத்தம் போட்டார். அத்தைக்கு முகம் சுண்டிப்போனது. கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். ஆனால் நாலு அடி தள்ளி வந்ததும் என்னிடம், "சருகை எடுத்துவிட்டா மரம் காத்தோட்டமா நிக்கும்ல?" என்றார்.

"அந்தச் சருகில இனி எடுக்க ஒண்ணும் இல்லை, அப்பாயி" என்று மகள் தொடங்கினாள். எமன் சந்நிதி வரிசை நகரவே இல்லை, ஆகவே முழுப் பாடமும் நடந்தது. இலை மஞ்சளாவது சும்மா கெட்டுப்போவது இல்லையாம். பச்சையத்தையும் புரதத்தையும் இலையே உடைத்து, அதிலிருக்கும் தழைச்சத்து, மணிச்சத்து எல்லாவற்றையும் குருத்துக்கும் காய்க்கும் அனுப்பி வைக்கிறது. மஞ்சள் நிறம் புதிதாக வருவதில்லை. முதலிலிருந்தே இருந்தது, பச்சை போனதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருந்து இவ்வளவையும் நடத்துகிற உட்கரு கடைசி வரை கலையாமல் இருக்குமாம்.

"வீடு காலி பண்ணுற மாதிரி" என்றார் அத்தை. "சாமானை எல்லாம் ஏத்திட்டுத்தான் விளக்கை அணைப்போம்."

மகள் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "இதை நான் ஆய்வேட்டில் எழுதிக்கட்டுமா?" என்றாள்.

பறித்த இலை ஏன் சீக்கிரம் பழுக்கிறது என்று நான் கேட்டேன். பச்சையாக இரு என்று சொல்கிற ஒரு பொருள் வேரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறதாம், சைட்டோகைனின் என்று பெயர். பறித்தால் அது நின்றுவிடுகிறது. பறித்த இலைக்கு அந்த வகைப் பொருளைக் கொடுத்தால் வெகுநாள் பச்சை மாறாமல் இருப்பதை 1957-லேயே ரிச்மண்ட், லாங் என்ற இருவர் காட்டிவிட்டார்களாம். காய்க்கும் இதில் பங்கு உண்டு. வெண்டையை முற்ற விட்டால் செடி ஓய்ந்துவிடும், பிஞ்சாகப் பறித்துக்கொண்டே இருந்தால் இன்னும் காய்க்கும் என்பது எனக்கே தெரியும். வாழைக்கு அந்தச் சலுகையும் கிடையாது. கிழங்குக்குள் இலை விட்டுக்கொண்டிருந்த குருத்து ஒரு நாள் பூவாக மாறிவிடும். அதன்பிறகு அந்த மரத்துக்குப் புது இலையே இல்லை. இருக்கிற இலைகளை வைத்துத் தாரை நிரப்பிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"அப்ப ஆலமரம்?"

"பெரிய மரங்களுக்கு நுனியும் பட்டைக்கு உள்பக்கமும் எப்பவும் இளசா இருக்கும், அப்பாயி. சீனாவில் ஜிங்கோன்னு ஒரு மரம். அறுநூறு வயசு தாண்டினதை எல்லாம் சோதிச்சு 2020-ல் எழுதியிருக்காங்க. பட்டைக்கு உள்பக்கம் மரத்தைத் தடிமனாக்குற அந்த அடுக்கில் மூப்புக்கான அறிகுறியே இல்லையாம். புயல், இடி, பூச்சி, வறட்சின்னு வெளியிலிருந்து வந்தாத்தான் உண்டு. வாழைக்கு அப்படி இல்லை, எமன் உள்ளேயே உட்கார்ந்திருக்கான்."

"சந்நிதிகிட்ட வந்து என்ன பேச்சு!" என்று அத்தை அதட்டினார்.

குடைவரைக்குள் வெளிச்சம் குறைவு. சோமாஸ்கந்தர் காலடியில் எமன். திருக்கடையூரில் உதைபட்டு விழுந்தவர், சாவே இல்லாமல் பூமாதேவி பாரம் தாங்காமல் அழுத பிறகு, இங்கே குழந்தையாக எழுந்தவர். நான் கிளம்பும்போதே முடிவு செய்து வைத்திருந்தேன், அத்தைக்கு ஆயுளைக் கேட்க வேண்டும் என்று. எதிரில் நின்றதும் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. பின்னாலிருந்து இடிக்கிறார்கள், "நகருங்க, நகருங்க" என்கிறார்கள். அத்தை நகரவில்லை. கைகூப்பவும் இல்லை. ஒரு கையால் பேத்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பழகியவரைப் பார்ப்பதுபோல் காலடியில் இருந்தவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கை. நரம்பும் புள்ளியுமாக, வாழைக் கறை நகக்கண்ணில் இன்னும் போகாத கை. இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து எனக்கும் சோறு போட்ட கை. அவ்வளவு இடிபாட்டிலும் எனக்கு அந்த இடத்தில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஈஸ்வரா, உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? கேட்டதைக் கொடுத்தாய், சரி. கேட்கத் தெரியாமல் நின்றபோதும் எதையோ கொடுத்தாய்.

வெளியே வந்தபிறகு, என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் கேக்கலை. தாரு கொண்டாந்தாச்சுன்னு சொன்னேன்."

தாரை வந்தவர்களுக்குச் சீப்புச் சீப்பாகப் பிரித்துக் கொடுத்தோம். சருகுக்குச் சத்தம் போட்ட பெரியவரைத் தேடிப்பிடித்து அவருக்கு ஒரு சீப்பு கொடுக்கச் சொன்னார் அத்தை. மகனுக்கு 36 வயதாம், மூன்றாவது தடவை வருகிறாராம். இரண்டு பேரும் மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார்கள்.

வீடு திரும்ப இருட்டிவிட்டது. இறங்கியதும் அத்தை டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போனார். தார் வெட்டிய மரத்தைத் தோட்டக்காரப் பையன் அடியோடு சாய்க்கப் போயிருந்தான், இவர் போனில் சொல்லி நிறுத்தியிருந்தார். மரம் ஆள் உயரத்துக்குத் தலையில்லாமல் நின்றது. பக்கத்தில் ஈட்டிபோல ஒரு கன்று.

"இதை வெட்டிடலாமே, அப்பாயி?" என்றாள் மகள், வேண்டுமென்றே.

"உனக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு, அத்தை மரத்தில் தொங்கிய சருகுகளை ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தார். அங்கே அதட்ட யாரும் இல்லை.