அரை ஆம்பியர்

எங்க வீட்டுல மேட்ச் பாக்குறதே ஒரு தினுசு. எதிர் வீட்டுல கேபிள், எங்க வீட்டுல நெட். நெட்டுல வர்ற நேரலை கேபிளைவிட அரை நிமிஷம் வரைக்கும் பின்னாடிதான் வரும். எதிர் வீட்டுக்காரர் "போச்சுடா!"ன்னு அலறும்போது எங்க டிவியில பவுலர் அப்பத்தான் பந்தை பேண்ட்ல தேய்ச்சுக்கிட்டு இருப்பார். என் மாமனார் இதுக்குப் பழகிட்டார். "அவுட்டுன்னு தெரிஞ்சு போச்சு, எப்படி அவுட்டுன்னு பாப்போம்"னு நிம்மதியா சாய்ஞ்சு உக்காந்திருப்பார்.

ஆனா இந்த ஐபிஎல்ல அந்தப் பந்து வந்து சேர்றதுக்கு முன்னாடி திரை நடுவுல வட்டம் சுத்த ஆரம்பிச்சுது. எதிர் வீட்டுல அழுது முடிச்சு, கண்ணைத் தொடைச்சு, அடுத்த ஓவருக்கே போயிட்டாங்க. நாங்க வட்டத்தையே பாத்துக்கிட்டு இருக்கோம்.

குரோம்பேட்டையில எங்களோடது பழைய காலத்து வீடு. சுவரெல்லாம் தடி. ரவுட்டர் இருக்கிறது உள் ரூம்ல, டிவி ஹால்ல. வட்டம் சுத்தினதும் ஆளாளுக்கு உள் ரூமுக்கு ஓடுவோம். இந்த வியாதியோட விசேஷமே, வீட்டுல இருக்கிற எல்லாருடைய வைத்தியமும் பலிச்சதுதான். அத்தை ரவுட்டருக்கு சூடுன்னு சொல்லி டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சாங்க, படம் வந்துடுச்சு. மாமா அதோட மண்டையில ரெண்டு தட்டு தட்டினார், வந்துடுச்சு. பையன் டிவிக்குள்ள போய், நெட்டோட விலாசப் புத்தகம் மாதிரி இருக்கிற டிஎன்எஸ்ஸை 8.8.8.8னு மாத்தினான், வந்துடுச்சு. என் வீட்டுக்காரர் ஒண்ணுமே பண்ணாம, "ரெண்டு நிமிஷம் பொறு, தானா வரும்"னு போனைப் பாத்துக்கிட்டு இருந்தார். அப்பவும் வந்துடுச்சு. வீட்டுல நாலு டாக்டர், நாலு பேருக்கும் கைராசி. யாரு சொல்றதை யாரு கேக்கப் போறாங்க?

பகல்ல ஒரு தொந்தரவும் கிடையாது. அவரோட ஆபீஸ் மீட்டிங் எல்லாம் கண்ணாடி மாதிரி ஓடும். "எனக்கு நல்லாத்தானே வருது"ங்கிற வசனத்தை அவர் சொன்ன தோரணை இருக்கே, நெட் கம்பெனிக்காரன்கூட அப்படி சொன்னதில்லை.

கம்பெனிக்கும் போன் போட்டோம். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?" பண்ணியாச்சு. "இன்னொரு தடவை பண்ணுங்க மேடம்." மறுநாள் ஒரு தம்பி வந்தார். ஃபைபர் வயரைக் கழட்டி மீட்டர்ல சொருகினார். மைனஸ் 19 காட்டுச்சு. "பவர் பக்காவா இருக்குக்கா. எல்ஓஎஸ்னு எழுதியிருக்குல்ல, அங்க சிவப்பு எரிஞ்சாத்தான் லைன் ப்ராப்ளம். உங்களுக்கு அணைஞ்சே கெடக்கு. டிவிதான் பழசாயிருக்கும்"னு காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டார். டிவி வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலை. அத்தைக்கு அந்தத் தம்பி மேல இன்னும் கோவம்.

சரி, இனி நாமளே இறங்கணும்னு ஆயிடுச்சு. என் முதல் சந்தேகம் மைக்ரோவேவ் மேல. இது கதை இல்லை, நெசமாவே அந்த அடுப்பு வேலை செய்றது 2.45 கிகாஹெர்ட்ஸ்ல. நம்ம சாதா வைஃபை ஓடுறதும் 2.4ல. கதவு எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் கொஞ்சம் கசியும். நம்ம உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, வைஃபைக்குத்தான் காது அடைச்சுப் போகும். ராத்திரி எட்டரைக்கு நான் குழம்பு சூடு பண்ற நேரமும் வட்டம் சுத்துற நேரமும் வேற ஒத்துப் போச்சு. ஒரு டம்ளர் தண்ணியை உள்ள வெச்சு ஓடவிட்டுப் பாத்தேன். படம் திக்கித் திக்கி வந்துச்சு. கண்டுபிடிச்சுட்டேன்னு கெத்தா டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திவிட்டேன். மைக்ரோவேவ் தொல்லை ஒழிஞ்சுது. வட்டம் ஒழியலை.

5 கிகாஹெர்ட்ஸுக்கு வேகம் உண்டு, சுவரைத் தாண்டுற தெம்பு கிடையாது. எங்க ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவுல அத்தையோட கல்யாண சீதனமா வந்த இரும்பு பீரோ வேற நிக்குது. இரும்பைத் தாண்டி சிக்னல் எங்க வரும்? பீரோவை நகர்த்தலாமான்னு கேட்டேன். அத்தை பதிலே சொல்லலை, ஒரு பார்வைதான். ரவுட்டரை நகர்த்தினோம். திரும்ப 2.4க்கே போய்ப் பாத்தோம். அந்தப் பக்கத்துல வைஃபை சேனல் 1, 6, 11 மூணுதான் ஒண்ணோட ஒண்ணு மோதாதுன்னு பையன் சொன்னான். தெருவே 6ல உக்காந்திருந்துச்சு, நாங்க 11க்குப் போனோம். சிக்னல் கோடு எல்லாம் முழுசா நின்னுச்சு. வட்டம் அது பாட்டுக்கு வந்துச்சு.

கடைசியில, வைஃபையே வேண்டாம்னு ஒரு நீளமான லேன் கேபிள் வாங்கி கதவோரமா இழுத்து டிவியிலேயே சொருகிட்டேன். பெரும்பாலான டிவியில லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், ஆனா 4கே படத்துக்கே 25 இருந்தா தாராளம். இதுக்கு மேல காத்து, சுவர், பீரோ, மைக்ரோவேவ் எதுவும் குறுக்கே வர முடியாது. ஹாயா உக்காந்தோம்.

டாஸ் போட்டு கொஞ்ச நேரத்துல வட்டம்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. வயர்லயும் வருதுன்னா வைஃபை மேல குத்தமே இல்லை. ரவுட்டரோட பக்கத்துக்குள்ள போய்ப் பாப்போம்னு 192.168.1.1 அடிச்சேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு. அது ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கும்னு பையன் சொன்னான். எடுத்து வந்து உள்ள நுழைஞ்சா, அப்டைம்னு ஒரு வரி. ரவுட்டர் எவ்வளவு நேரமா அணையாம ஓடுதுங்கிற கணக்கு. மாசக்கணக்குல ஓடிக்கிட்டு இருக்கவேண்டியது. நாலு நிமிஷம்னு காட்டுச்சு.

அதாவது, அது தானா அணைஞ்சு தானா எரியுது. அணைஞ்சதும் நமக்குத் தெரியாது, ஏன்னா டிவி முன்கூட்டியே கொஞ்சம் படத்தை வாங்கி வெச்சிருக்கும், அதை ஓட்டிக்கிட்டு இருக்கும். சரக்கு தீர்ந்த பிறகுதான் வட்டம். நாம அலறி அடிச்சு உள் ரூமுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள லைட்டெல்லாம் பச்சையா மினுக்க ஆரம்பிச்சிருக்கும். ஃபேன் வெச்சவங்க, தட்டினவர், சும்மா உக்காந்தவர், எல்லாரோட கைராசியும் இதுதான். சும்மா உக்காந்தவருக்கு மட்டும் ஒரு மார்க் கூடக் கொடுக்கலாம், மின்சாரம் மிச்சம்.

ஏன் அணையுது? பாஸ்வேர்டு பாக்கத் திருப்பினப்பவே விடை அங்கேயே அச்சடிச்சிருந்தது: 12 வோல்ட், 1 ஆம்பியர். ப்ளக்ல தொங்குற அடாப்டரைத் திருப்பினேன். 12 வோல்ட், 0.5 ஆம்பியர். அதுல இருந்த பேரு ரவுட்டர் கம்பெனி பேரே இல்லை. நாங்க எப்பவோ நிறுத்தின டிஷ் பாக்ஸோட பேரு.

வோல்ட் சரியா இருக்கிறதால சாதாரணமா எரியும். ஆனா வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா வர்றதுதான் வாட். ரவுட்டருக்கு 12 வாட் வரைக்கும் வேணும், இது கொடுக்கிறது 6. பகல்ல ஒரு லேப்டாப் மட்டும்னா சமாளிச்சுடும். ராத்திரி டிவி, அஞ்சு செல்போன், 2.4, 5னு ரெண்டு வைஃபைன்னு எல்லாம் ஒண்ணா இறங்கும். அதுலயும் படம் குழாய்த் தண்ணியா ஒரே சீரா வர்றதில்லை, சில செகண்டுக்கு ஒரு துண்டுன்னு மொத்தமா வரும். அந்த நேரத்துல வோல்டேஜ் சரியும், ரவுட்டர் மயங்கி விழுந்து எழுந்திருக்கும்.

அப்போ அசல் அடாப்டர் எங்கே? வீட்டுல எல்லாரையும் நிக்க வெச்சு விசாரிச்சேன். யாருக்கும் தெரியலை. மாமா மட்டும் டிவி ரிமோட்டோட பேட்டரியைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தார்.

பூஜை ரூம்ல முருகன் படத்தைச் சுத்தி ஒரு எல்இடி பட்டை. பங்குனி உத்திரத்துக்குன்னு மாமா ஆசையா வாங்கி ஒட்டினது. ஜெகஜ்ஜோதியா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வயரைப் பிடிச்சுக்கிட்டே போனா, படத்துக்குப் பின்னால எங்க ரவுட்டர் அடாப்டர்.

"டிஷ் அடாப்டர்ல மங்கலா எரிஞ்சுதும்மா. ரவுட்டரோடதைப் போட்டதும் பளிச்சுன்னு ஆயிடுச்சு. ரெண்டுக்கும் ஒரே பின்னுதானே? அதை இதுக்கும் இதை அதுக்கும் மாத்தினேன். ரவுட்டரும் எரிஞ்சுதே, நான் பாத்துட்டுத்தானே வந்தேன்!"

"மாமா, எரியுறது வேற, ஓடுறது வேற."

"முருகன் எரியறார்ல?"

இதுக்கு என்னன்னு பதில் சொல்ல? சாமிகிட்ட இருந்து பிடுங்கினா நல்லா இருக்குமான்னு அத்தையும் அந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க. இத்தனைக்கும் ஒளிபரப்புல தோனி இறங்குற நேரத்துல எல்லாம் வட்டத்தைப் பாத்து நொந்தது இதே ரெண்டு பேர்தான்.

என் வீட்டுக்காரர் சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு புது அடாப்டர் வாங்கிட்டு வந்தார். வோல்ட் மட்டும் அச்சு அசலா 12 இருக்கணும், ஆம்பியர் கூட இருந்தா பரவாயில்லை, குறையக்கூடாதுன்னு எழுதியே கொடுத்து அனுப்பியிருந்தேன். 2 ஆம்பியர் வாங்கிட்டு வந்தார். மாட்டினதுக்கு அப்புறம் அப்டைம் நாள் கணக்குல ஏறிக்கிட்டே போகுது. லேன் கேபிளையும் கழட்டலை, இழுத்தது இழுத்ததா இருக்கட்டும்னு விட்டாச்சு. கதவோரம் பெருக்குறப்பதான் கொஞ்சம் தடுக்குது.

நேத்து மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு புது அடாப்டரை ரொம்ப நேரம் படிச்சுக்கிட்டு இருந்தார். "ஏம்மா, இதுல ரெண்டுன்னு போட்டிருக்கே. முருகனுக்கு இருக்கிறது ஒண்ணுதானே?"

செல்லோடேப் போதாதுன்னு இன்சுலேஷன் டேப் எடுத்து, ப்ளக்கோட சேர்த்து அடாப்டரை நல்லா சுத்திட்டேன்.