கம்பி இல்லாத யன்னல்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்து இறங்கின கையோடு ரொறன்ரோக்காரர் யாரிடமாவது "சின்னதா ஒரு அனெக்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டால், அவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். இங்கே அனெக்ஸ் என்பது புளூர் வீதியும் ஸ்படைனா வீதியும் சந்திக்கிற பக்கத்தில் இருக்கிற ஒரு பழைய குடியிருப்புப் பகுதியின் பெயர். வீட்டு விலை கேட்டால் தலை சுற்றும். எங்களுடைய அனெக்ஸுக்கு, அதாவது வீட்டோடு ஒட்டி வாடகைக்கு விடுகிற சின்னக் குடியிருப்புக்கு, இங்கே பேஸ்மன்ட் என்று பெயர். அது மண்ணுக்குக் கீழே கிடக்கிறது.

கொழும்பில் அனெக்ஸ் முளைக்கிற விதம் தெரிந்ததுதான். மகள் கல்யாணம் முடித்துப் போனதும் அவளுடைய அறைக்கு வெளிப்பக்கமாக ஒரு கதவு வரும். பின் விறாந்தையை அடைத்தால் குசினி. மாநகர சபைக்குக் கொடுத்த பிளானில் கராஜ் என்றிருக்கும், வாடகைக்கு வந்தவருக்கு அதுவே படுக்கையறை. 32 என்ற வீட்டு இலக்கம் 32/1 ஆகிவிடும். வீட்டுக்கார அன்ரி கேட்கிறவை மூன்றே மூன்று: எந்த ஊர், மச்சம் சமைப்பீங்களா, யுத்த காலமென்றால் பொலிஸ் பதிவு இருக்கா.

ரொறன்ரோ இருக்கிற ஒன்ராரியோ மாகாணத்தில் கேள்விகளே வேறு. 2022 நவம்பரில் வந்த மாகாணச் சட்டத்தின்படி, நகரத் தண்ணீரும் கழிவுக் குழாயும் உள்ள சாதாரண வீட்டுக் காணியில் 3 குடியிருப்பு வரை வைக்கலாம். ரொறன்ரோ நகர சபை 2023 மே மாதத்தில் அதை 4 ஆக்கியது. பின்வளவில் தனியாக ஒரு சிறு வீடு கட்டவும் 2022 முதல் இடமுண்டு. இதைக் கேள்விப்பட்டதும் சுத்தியலைத் தூக்குகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் இத்தனை குடியிருப்பு வைக்கலாம் என்பது காணி பற்றிய விதி. அந்தக் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கட்டட விதிதான் சொல்லும். பெர்மிட் கையில் வராமல் ஒரு சுவரையும் தொடக்கூடாது. வயரிங்குக்குத் தனி அறிவித்தல், தனிப் பரிசோதனை.

பேஸ்மன்ட் குடியிருப்பின் கூரை உயரம் 1.95 மீற்றர் வேண்டும், உத்தரத்துக்கும் டக்ட் என்கிற காற்றுக் குழாய்க்கும் கீழே 1.85. அளக்கும்போது நிலத்துக்குப் போடப்போகிற பலகையையும் கூரையில் அடிக்கப்போகிற ட்ரைவோலையும் கழித்துவிட்டு அளவுங்கள். வெறும் கொங்கிறீட்டிலிருந்து அளந்துவிட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் கடைசியில் நிலத்தைத் தோண்ட வேண்டி வரும், அந்தச் செலவு அழவைக்கும். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் தீயைத் தடுக்கிற தடுப்பு வேண்டும். இடையிலுள்ள கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். புகை அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், அதாவது கீழே செத்தல் மிளகாய் வறுத்தால் மேலேயும் அலறும். அதற்காக அலாரத்தைக் கழற்றுவது எங்கள் ஆட்களின் வழக்கம். அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறி புகையைச் சுற்றி அதே அறைக்குள் விடுகிற வகைதான் கோளாறுக்குக் காரணம். குழாய் போட்டு வெளியே தள்ளுகிறதைப் பூட்டினால் தாளிதம் தாளிதமாகவே முடியும்.

இனி யன்னல். எல்லோரும் வழுக்குகிற இடம் இதுதான்.

படுக்கையறை உள்ள தளத்திலிருந்து நேரே வெளியே போகிற கதவு இல்லையென்றால், ஆள் ஏறி வெளியேறக்கூடிய யன்னல் ஒன்றாவது இருக்க வேண்டும். திறந்த இடைவெளி 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இரண்டு பக்கமும் 380 போதும் என்று நினைக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள், 0.144 தான் வரும். ஒரு பக்கம் 380 என்றால் மற்றது 922 ஆக வேண்டும். அடுத்த பொறி, பக்கவாட்டில் தள்ளுகிற யன்னல். 1200க்கு 600 வாங்கினால் பாதிதான் திறக்கும், 600க்கு 600. கணக்கில் 0.36, யன்னல் பிரேமின் தடிப்பைக் கழித்தால் தோல்வி. இன்ஸ்பெக்டர் கண்ணாடியை அளக்க மாட்டார், திறந்த ஓட்டையைத்தான் அளப்பார்.

யன்னல் மண்மட்டத்துக்குக் கீழே போனால் வெளியே குழி வெட்ட வேண்டும், முன்னால் 550 மில்லிமீற்றர் வெறுமையாக. கதவுபோல வெளியே திறக்கிற 600 அகல யன்னலை இந்தக் குழிக்குள் வைத்தால் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். குழியை அகட்டுங்கள், அல்லது வேறு வகை யன்னல் எடுங்கள். அத்திவாரச் சுவரை அகலத்துக்கு வெட்டுவதைவிடக் கீழ்நோக்கி வெட்டுவது லேசு, மேலே பாரம் தாங்குகிற லின்டலில் கை வைக்கத் தேவையில்லை. குழியின் அடியில் சரளைக்கல் போட்டு அத்திவார வடிகாலோடு இணைக்காவிட்டால், மார்ச்சில் பனி உருகித் தண்ணீர் நேரே கட்டிலுக்கு வரும்.

விதியில் எனக்குப் பிடித்த வரி வேறு: கருவி எதுவும் இல்லாமல் உள்ளேயிருந்து திறக்க வேண்டும், திறந்தால் முட்டுக்கொடுக்காமல் தானே நிற்க வேண்டும். கொளுக்கி போட்டும் தடி முட்டியும் யன்னல் திறந்து வளர்ந்த எங்களுக்கு இது ஒரு ஆடம்பரம். திறக்க முடியாத கம்பிக்கு இங்கே இடமே இல்லை.

கொழும்பிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து இறங்குகிற அம்மாமார் பேஸ்மன்டைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "தம்பி, இந்த யன்னலுக்குக் கம்பி எங்க?" காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கைகளில் கம்பி இல்லாத யன்னல் உண்டா? தாமரை, மயில், சும்மா வளைந்த கோடுகள். உப்புக்காற்று அரித்து வருஷத்துக்கொருமுறை பெயின்ட் உரியும், தைப்பொங்கலுக்கு முன் யாராவது ஒரு வாளி பச்சை பெயின்டோடு நிற்பார். ரயில் போகிற நேரம் அந்தக் கம்பி மெல்ல அதிரும். அதை உள்ளேயிருந்து திறக்க ஏலாது என்று யாரும் யோசித்ததில்லை. 83 ஆடிக் கலவரத்தில் பின்மதிலால் ஏறி அயல்வீட்டுக்குள் குதித்தவர்கள் மட்டும் யோசித்திருப்பார்கள். அவர்களுக்கு 0.35 சதுர மீற்றரின் அருமையை எந்த விதிப்புத்தகமும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே பழகிவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். பனி கொட்டினால் வாசல் பாதையோடு யன்னல் குழியையும் வழிக்க வேண்டும் என்பது கூடப் பழகிவிட்டது. ஆனால் ஜனவரி மாதம், மாலை ஐந்து மணிக்கே இருட்டிப் போன பிறகு, ஒக்டோபரிலிருந்து சாத்தியே கிடக்கிற அந்த யன்னலைப் பார்த்து வாய் தானாகச் சொல்லும்: "யன்னலைச் சாத்துங்கோ, நுளம்பு வரப்போகுது."