எடை மெஷினில் தெரியும் இரண்டு நாட்கள்

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் வார்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக எடை மெஷினில் ஏறுவார்கள். எண் நிலைப்பதற்குள் "எவ்வளவு ஏறியிருக்கு சிஸ்டர்?" என்ற கேள்வி வந்துவிடும். பரீட்சை முடிவு கேட்கிற குரல் அது. சிலர் கேட்பதே இல்லை. பக்கத்துச் சுவரில் இரண்டு விரலை லேசாக ஊன்றிக்கொள்வார்கள். அரைக் கிலோ குறைவாகக் காட்டும். டயாலிசிஸ் மெஷினும் அந்தக் கணக்குக்குத்தான் உடம்பில் தேங்கிய நீரை இழுக்கும், மிச்சம் அவரோடே வீட்டுக்குப் போகும். ஏன் மறைக்கிறார் என்று யோசித்தால் பதில் பெரும்பாலும் நர்ஸுகளான நம் பக்கம்தான் இருக்கிறது. போன தடவை எல்லோர் முன்னாலும் திட்டியிருப்போம்.

உடம்பில் மிகையான நீர் இல்லாதபோது உள்ள எடையை ட்ரை வெயிட் என்கிறோம். வந்த எடையிலிருந்து அதைக் கழித்தால் எடுக்க வேண்டிய நீர் தெரியும். சிகிச்சையின்போது குடிக்கும் காபியையும், முடிவில் ரத்தத்தைத் திருப்பி அனுப்ப ஓடும் 200, 300 மில்லி சலைனையும் அதோடு கூட்ட வேண்டும். புதிதாக வந்தவர்கள் இதைத்தான் அடிக்கடி மறப்பார்கள். எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு: ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்தில், சுமார் 13 மில்லி. 50 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 650, நான்கு மணி நேரத்தில் 2,600 மில்லி. அவர் 4 கிலோ ஏறி வந்திருந்தால் ஒரே அமர்வில் முழுவதையும் எடுப்பது ஆபத்து. நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது மறுநாள் வரச் சொல்ல வேண்டும். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வெளியே காத்திருக்கும்போது இந்த இரண்டையும் சொல்வது எளிதல்ல. ஆனாலும் டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டயாலிசிஸ் மெஷின் நீரை எடுப்பது ரத்தக்குழாயிலிருந்து. காலிலும் நுரையீரலிலும் தேங்கிய நீர் ரத்தத்துக்குள் திரும்பி வர நேரம் பிடிக்கும். இழுக்கும் வேகம் அதை முந்தினால் பி.பி. சரியும். மானிட்டர் அலறுவதற்கு முன்பே ஆளைப் பார்த்தால் தெரியும்: கொட்டாவி வரும், நெற்றி வியர்க்கும், அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமாகிவிடுவார். அந்த மௌனம்தான் நான் மிகவும் பயப்படும் அறிகுறி. உடனே நீர் எடுப்பதை நிறுத்தி, தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தி, 100 முதல் 200 மில்லி நார்மல் சலைன் விட்டு, பி.பி.யைத் திரும்பப் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடிக்க வேண்டும். காலையில் பி.பி. மாத்திரை போட்டாரா, நடுவில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டாரா என்றும் கேட்க வேண்டும். சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குத் திரும்புவதால் பி.பி. இறங்குவது வழக்கம். இப்படி அடிக்கடி சரிந்தால் இதயத் தசை கெடும், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து உண்டாக்கிய ஃபிஸ்டுலாவும் அடைத்துக்கொள்ளும்.

ஆகவே வேலை மெஷின் பக்கத்தில் தொடங்குவதில்லை, இரண்டு டயாலிசிஸுக்கு இடையே உள்ள வீட்டு நாட்களில் தொடங்குகிறது. "தண்ணி குடிக்காதீங்க" என்று நூறு முறை சொல்லிப் பயனில்லை. தாகத்தை உண்டாக்குவது உப்பு. ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு இருப்பது நமக்குத் தெரியும். உடம்பும் ஏறக்குறைய அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது: சிறுநீர் நின்றுபோனவர் உடம்புக்குள் 9 கிராம் உப்பு போனால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்டு வாங்கித் தேக்கிக்கொள்ளும். மனவுறுதியால் அந்தத் தாகத்தை வெல்லச் சொல்வது கொடுமை. எடை ஏறியவரிடம் "எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்பதைவிட "நேத்து சோத்துக்கு என்னம்மா தொட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, ஹோட்டல் சாம்பார். ஒரு நாள் முழுவதற்கும் எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும். அந்த அளவைக் காலையிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துச் சமைக்கச் சொன்னால் வீட்டாருக்குப் பிடிபடும். இந்துப்பு நல்லது என்று ஒரு நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. அதுவும் சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இன்னும் மோசம்.

தண்ணீருக்கு எளிய வழி ஒன்று. முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்தால் அதுதான் அன்றைய பங்கு. அதைக் காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பிவிட வேண்டும். காபி, ரசம், மோர், கஞ்சி என எது குடித்தாலும் அதே அளவை பாட்டிலிலிருந்து வெளியே ஊற்றிவிட வேண்டும். மீதி கண்ணுக்குத் தெரியும், கணக்கே போட வேண்டாம். பெரிய டம்ளரை ஒளித்துவைத்துவிட்டுச் சின்ன டம்ளர் கொடுப்பது, வாய் கொப்பளித்துத் துப்புவது, எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைப்பது எல்லாம் உதவும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறியிருந்தால் எந்த வழியும் பலிக்காது. அந்தத் தாகத்துக்கு மருந்து இன்சுலின் கணக்கைச் சரிசெய்வதுதான்.

ட்ரை வெயிட் என்பது கல்லில் பொறித்த எண் அல்ல. இதில்தான் அனுபவமுள்ளவர்களும் ஏமாறுகிறோம். பசியற்று ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாதவர் சதையை இழந்திருப்பார்; அந்த இடத்தை நீர் நிரப்பியிருக்கும். எடை மெஷின் அதே 52 கிலோ காட்டும், நாமும் திருப்தியாக அனுப்பிவிடுவோம். இரவில் மூச்சுத் திணறி எமர்ஜென்சிக்கு வருவார். சட்டை தொளதொளப்பது, பி.பி. ஏறிக்கொண்டே போவது, படுத்தால் இருமுவது, ஒரு தலையணை இரண்டாக மாறுவது ஆகியவற்றை நர்ஸ்தான் முதலில் பார்க்க முடியும். மாறாக, நன்றாகச் சாப்பிடத் தொடங்கியவருக்குப் பழைய எடைக்கே இழுத்தால் ஒவ்வொரு முறையும் கடைசி மணி நேரத்தில் கால் இழுக்கும்.

இதயம் பலவீனமானவர்களுக்கும் இதே எடை மெஷின்தான் காவல். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். நீர் பிரியும் மாத்திரையின் இரண்டாம் வேளையை மாலை 4 மணிக்குள் போட்டுவிட்டால் இரவெல்லாம் எழுந்து நடந்து விழ மாட்டார்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். எடை ஏறியவரிடம் அதையும் விசாரிக்க வேண்டும்.

வயிற்று வழி டயாலிசிஸை வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகள் வீடு தேடிப் போகின்றன. வயிற்றுக்குள் அந்தத் திரவம் 2 லிட்டர் இருக்கும்போது ஒரு நாளும், வடித்த பிறகு மறுநாளும் எடை பார்த்தால் கணக்கு தலைகீழாகும். எப்போதும் வடித்த பிறகே பார்க்கச் சொல்லுங்கள். வெளியேறிய நீர் கலங்கலாக இருந்தால் பையைத் தூக்கி எறியாமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

பொட்டாசியம் பற்றிச் சுருக்கமாக: இளநீர் வேண்டவே வேண்டாம். காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் ஆரஞ்சுச் சாற்றுக்குப் பதில் குளுக்கோஸ்.

வாரத்தில் ஒரு இடைவெளி மட்டும் நீளமாக விழும். மூன்று நாள் சிகிச்சை உள்ளவருக்கு ஞாயிறை ஒட்டி வருவது அது. அதன் முடிவில்தான் மூச்சுத் திணறலும் திடீர் மரணமும் கூடுதல். அந்த நாளில் கல்யாண விருந்தோ தீபாவளியோ வந்தால் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். சிகிச்சைக்குக் காப்பீடு இருந்தாலும் பஸ் செலவுக்கும், கூட வருபவரின் ஒரு நாள் கூலிக்கும் அது வராது. ஒருவர் வராமல் போனால் அன்றே போன் செய்து கேளுங்கள்.

முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் விரலால் அழுத்தி, ஃபிஸ்டுலாவில் அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, நிற்க வைத்து பி.பி. பார்த்து, மறுபடி எடை. சுவரில் கை இல்லாமல். நோட்டில் எண்ணை மட்டும் எழுதிவிட்டால் அடுத்த ஷிஃப்ட் சிஸ்டருக்கு ஒன்றும் புரியாது. இப்படி எழுத வேண்டும்: "3-ஆவது மணியில் இடது கெண்டைக்கால் இழுத்தது. 2,400-இல் நிறுத்தினோம். 700 மில்லி பாக்கி. ஒரு வாரமாகப் பசி நன்றாக இருக்கிறதாம். ட்ரை வெயிட்டை டாக்டர் பார்க்கட்டும்."