தானப் பத்திரம் கிடைத்த பிறகுதான் பூங்கா இடம் கிடைத்தது

எங்கள் மனைப்பிரிவின் பூங்கா இடத்தைச் சுற்றிப் போன வாரம் கம்பி வேலி போட்டாகிவிட்டது. ‘மாநகராட்சிக்குச் சொந்தமான இடம்’ என்று பலகையும் நிற்கிறது. முதல் மனு கொடுத்ததிலிருந்து இரண்டரை ஆண்டு. அதில் ஓராண்டுக்கு மேல் வீண். குடியிருப்போர் நலச் சங்கங்கள் பலவும் இதே இடத்தில் இடறுவதைப் பார்ப்பதால் எழுதுகிறேன்.

வீணானதற்குக் காரணம் மனுவின் முதல் வரி. ‘எங்கள் பகுதிக்குப் பூங்கா அமைத்துத் தரவும்’ என்று கேட்டிருந்தோம். அப்படிக் கேட்டால் மனு பொறியியல் பிரிவுக்குப் போகும். உதவிப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க வேண்டுமானால் இடம் மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி பதில் வரும், மனு முடிந்ததாகக் கணக்காகிவிடும். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணில் புகார் கொடுத்தோம், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்தோம். மூன்றும் சுற்றிக்கொண்டு அதே மேசைக்குத்தான் வந்தன, அதே ஒரு வரிதான் பதில்.

கேட்க வேண்டியது வேறு. மனைப்பிரிவு அங்கீகார எண், புல எண், பரப்பு மூன்றையும் குறிப்பிட்டு, ‘பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட இந்த இடத்தைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, அளந்து எல்லைக்கல் நட்டு, வேலியிட வேண்டும்’ என்று எழுத வேண்டும். அது நகரமைப்புப் பிரிவுக்குப் போகும், ஆவணம் பார்க்கும் மேசை அங்கேதான் இருக்கிறது. சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை எதையும் அதே மனுவில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் முதலில் இருக்கும் விஷயத்துக்கு மட்டும் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

அதற்கு முன்னால், உங்கள் மனைப்பிரிவில் பூங்கா இடம் என்று ஒன்று உண்டா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானமாகக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டிவிட்டுப் போகலாம். பணம் கட்டியிருந்தால் கேட்க இடமே இருக்காது. பழைய மனைப்பிரிவு என்றால், அங்கீகாரம் கொடுத்த நாளில் எந்த விதி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் ஒரு சிக்கல். வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கும் நகல் பெரும்பாலும் மனை விற்றவர் கொடுத்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ். அங்கீகார எண்ணும் முத்திரையும் அதில் தெளிவாக இருக்காது. ‘பூங்கா’ என்ற இடத்தில் வெறும் கட்டம் மட்டும் இருக்கும். அதை வைத்து எந்த அலுவலகமும் நகராது. எங்கள் பகுதி அப்போது ஊராட்சி, பிறகுதான் மாநகராட்சியோடு இணைந்தது. இணைப்பின்போது ஊராட்சிக் கோப்புகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. தொழில்நுட்ப ஒப்புதல் கொடுத்தது நகர் ஊரமைப்பு இயக்ககம் என்பதால், அதன் மாவட்ட அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுத்தான் முத்திரையோடு கூடிய நகல் வாங்கினோம்.

அந்த விண்ணப்பமும் முதல் தடவை திரும்பி வந்தது. சங்கத்தின் லெட்டர்பேடில், ‘செயலாளர்’ என்று மட்டும் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தோம். 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 3 தகவல் பெறும் உரிமையைக் குடிமக்களுக்குத்தான் கொடுக்கிறது, சங்கம் குடிமகன் அல்ல என்று பதில். ஒரு மாதம் போயிற்று. உறுப்பினர் ஒருவர் தன் பெயரில், வீட்டு முகவரியோடு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினார். வேலை நடந்தது. ‘ஏன் பூங்கா அமைக்கவில்லை’ என்பது போன்ற கேள்விக்கு ‘இது தகவல் ஆகாது’ என்று எழுதிவிடுவார்கள். ‘இன்ன எண்ணுள்ள வரைபடத்தின் சான்றிட்ட நகல்’, ‘சொத்துப் பதிவேட்டில் இந்த வார்டுக்குரிய பக்கங்களின் நகல்’ என்று பொருளைக் கேளுங்கள். கோப்பையே நேரில் பார்க்கவும் சட்டம் அனுமதிக்கிறது. அதையும் அதே விண்ணப்பத்தில் எழுதி வைப்பது நல்லது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், தவறவிட்டால் தாமதத்துக்குக் காரணம் காட்டி நிற்க வேண்டும்.

வரைபடத்தோடு போனபோது நகரமைப்புப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி: “தானப் பத்திரம் எங்கே?”

வரைபடத்தில் பச்சை அடித்திருந்தால் மட்டும் இடம் மாநகராட்சிக்கு வந்துவிடாது. மனைப்பிரிவு போட்டவர் அதைத் தானமாக எழுதிப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். வில்லங்கச் சான்று போட்டோம், ‘தானம் எதுவும் இல்லை’. அங்கீகாரம் கிடைத்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் மட்டும், தாய்ப் புல எண்ணில் (மனைகளாகப் பிரிக்கும் முன்பிருந்த மூல எண்ணில்) தேடியிருந்தோம். அலுவலகமும் அந்தச் சான்றையே வைத்துக்கொண்டு ‘ஆவணம் இல்லை’ என்று எழுத்தில் கொடுத்துவிட்டது. மாதங்கள் கழித்து, ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் சொல்லித்தான் தேடுதலை விரித்தோம். அங்கீகார ஆண்டிலிருந்து இன்றுவரை, தாய் எண்ணிலும் உட்பிரிவு எண்கள் ஒவ்வொன்றிலும் தேடியபோது பத்திரம் கிடைத்தது. அங்கீகாரத்துக்கு நான்கு ஆண்டு கழித்து, ஓர் உட்பிரிவு எண்ணில் பதிவாகியிருந்தது. பெற்றவர் பெயர் இருந்த இடத்தில் ‘ஊராட்சித் தலைவர்’. ‘மாநகராட்சி’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு அது தென்படாமல் போனதில் வியப்பில்லை.

சான்றிட்ட நகல் கையில் வந்ததும் நேராகச் சொத்து விவரத்துக்குப் போங்கள். எங்களுடையதில் முதல் இரண்டு பக்கமும் சாலைகள்: 23 அடிச் சாலை, 30 அடிச் சாலை, நான்கெல்லை, நீளம், அகலம். பக்கம் புரட்டப் புரட்டச் சாலைதான். சாலையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பூங்காவை விட்டுவிட்ட பத்திரங்கள் நிறைய உண்டு என்பதால் வயிறு கலங்கியது. கடைசிப் பக்கத்தின் அடியில், சாட்சிக் கையெழுத்துக்கு மேலே இரண்டே வரியில் இருந்தது: ‘மேற்படி மனைப்பிரிவில் பூங்காவுக்காக விடப்பட்ட 12,600 சதுர அடி’.

பூங்கா அதில் இல்லாமல் போனாலும், பத்திரமே இல்லாமல் போனாலும் கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். பண்டிட் சேத் ராம் வசிஷ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், பூங்காவுக்கென ஒதுக்கியதாலேயே நில உரிமை மாநகராட்சிக்கு மாறிவிடாது என்றது. கூடவே, அப்படி ஒதுக்கியவர் அதைப் பொதுமக்களின் நலனுக்காகவே வைத்திருக்கிறார் என்றும் சொன்னது. 1991-ல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில், பூங்கா இடத்தை வேறு பயனுக்கு மாற்றியதை எதிர்த்து அப்பகுதிவாசிகள் நீதிமன்றம் வரலாம் என்பதை ஏற்றது. இரண்டையும் மனுவில் ஒரு பத்தியாகச் சேர்த்தால் அதிகாரி மேசையில் அதன் எடை கூடும்.

அடுத்த தடை டி.எஸ். எண், அதாவது நகர நிலஅளவை எண். பத்திரத்தில் பழைய புல எண், மாநகராட்சியும் வட்டாட்சியர் அலுவலகமும் பேசுவது நகர நிலஅளவையின் வார்டு, பிளாக், டி.எஸ். எண். இரண்டையும் இணைத்துக் காட்டும் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தின் நிலஅளவைப் பிரிவில் இருக்கும். அது இல்லாமல் போய் ஒரு நாள் முழுக்க வீணானது. பத்திரம் சதுர அடியில் பேசுகிறது, நகர நிலஅளவைப் பதிவேடு ஹெக்டேரிலும் ஏரிலும் பேசுகிறது. 12,600 சதுர அடி என்பது ஏறக்குறைய 1,170 சதுர மீட்டர், அதாவது 11.7 ஏர். மனுவில் இரண்டு கணக்கையும் எழுதிவிடுங்கள். எழுதாததால் ‘பரப்பு பொருந்தவில்லை’ என்று கோப்பு ஒருமுறை கீழே இறங்கியது.

பதிவேட்டில் அந்த இடம் மனைப்பிரிவு போட்டவரின் பெயரிலேயே நின்றது. பெயர் மாற்றவோ அளக்கவோ சங்கம் விண்ணப்பித்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நிலம் நம்முடையது அல்லவே. ஆணையர்தான் வட்டாட்சியருக்குக் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதம் கிளம்பவே நான்கு மாதம். இடைப்பட்ட காலத்தில் யாராவது விற்றுவிட்டால்? அதனால் அந்த எண்ணில் எதையும் பதிய வேண்டாம் என்று சார்பதிவாளருக்கும் மாநகராட்சி எழுத வேண்டும் எனத் தனி மனு கொடுத்தோம். பத்திரம் கிடைத்த வாரமே இதைக் கொடுத்துவிடுங்கள். தாமதித்த சங்கங்கள் இன்று நீதிமன்றத்தில் நிற்கின்றன.

இன்னொரு நாள் தபால் பிரிவில் எழுத்தர் மனுவை வாங்க மறுத்தார். சங்கத்தின் பதிவு நடப்பில் இல்லையாம். அவர் பேசிய விதம் இப்போதும் உறுத்துகிறது, ஆனால் சொன்னது சரி. 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டிய கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் இரண்டு ஆண்டாகப் போகவில்லை. அபராதத்தோடு கட்டி, செயலாளருக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானத்தின் நகலையும் இணைத்த பிறகு யாரும் மறுக்கவில்லை. மனு கொடுக்கும்போது நம் நகலில் முத்திரை, தேதி, எண் மூன்றும் விழுகிறதா என்று அங்கேயே பார்க்க வேண்டும்.

கோப்பைக் கடைசியாகத் தள்ளியது பகுதி சபை, அதாவது வார்டுக்குள் பகுதிவாரியாக நடக்கும் மக்கள் கூட்டம். 2022 நவம்பர் 1-ம் தேதியிலிருந்து நகர்ப்புறங்களில் நடக்கும் இந்தக் கூட்டங்களில் பலரும் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். டி.எஸ். எண்ணோடு கோரிக்கையை எழுதிக் கொடுத்து, கூட்டக் குறிப்பில் ஏறும்வரை நின்றோம். மாமன்ற உறுப்பினர் அந்தக் குறிப்பை வைத்துத்தான் மண்டலக் கூட்டத்தில் கேட்டார். ஆறு வாரத்தில் அளவையர் வந்தார்.

அளக்கும் நாளில் பத்திரம், மனைப்பிரிவு வரைபடம், புலப்படம் (நிலஅளவைத் துறையின் அளவுப் படம்) மூன்றோடும் சங்கத்தார் நால்வராவது இருங்கள். பக்கத்து வீட்டு மதில் மூன்றடி உள்ளே வந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. கல் நட்டதும் ஒவ்வொன்றையும் பின்னணியில் வீடு தெரியும்படி படம் எடுத்து வைத்தோம். ஒரு கல் பத்தாம் நாளே காணாமல் போனபோது அந்தப் படம் உதவியது.

இனித்தான் பூங்கா. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதி கட்டினால் வேலை எடுப்பார்கள். அடுத்த பொதுக்குழுவில் அதற்கான தீர்மானம் வருகிறது. இந்தத் தடவை மனு பொறியியல் பிரிவுக்கே போகட்டும்.